இலக்கியம், கலை ஆய்வுக்குக் கல்லூரி நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கடைசி செமஸ்டர் தொடங்கி ப்ராஜெக்ட் தலைப்பு கையில் கிடைத்ததும் கவுண்டர் முன்னால் கூட்டம் கூடும். ஆள் மாறும், கேள்வி மாறாது. தமிழ், ஆங்கில இலக்கியம், இசை, நடனம், ஓவியம் படிக்கிறவர்கள் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தலைப்பு கொடுத்துவிட்டார்கள். முதலில் எந்த அலமாரிக்குப் போவது?

அலமாரிப் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். ரெஃபரன்ஸ் பிரிவில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் அநேகமாகத் தூசியோடு அங்கே நிற்கும். அறிவியல் கட்டுரைகள் பழசாகியிருக்கலாம். கூத்து, பண், சிற்பம், உரையாசிரியர்கள் என்று தேடினால் இன்றைக்கும் நல்ல தொடக்கம் கிடைக்கும். பக்கத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இதை வெறும் அகராதி என்று நினைத்து யாரும் எடுப்பதில்லை. ஒரு சொல்லுக்கு எந்த நூலில் எந்த இடத்தில் அந்தப் பொருள் வருகிறது என்று மேற்கோள் இடத்தையும் சேர்த்தே அது சொல்லும். ‘அரங்கு’, ‘எழினி’, ‘தலைக்கோல்’ என்று நாலு சொல்லைப் பார்த்தால், எந்தெந்த நூலைத் திறக்கவேண்டும் என்ற பட்டியல் இலவசமாகக் கிடைத்துவிடும்.

இந்த ஒரு மணி நேரத்தில் நடக்கவேண்டிய இன்னொரு வேலை, தலைப்பைச் சுருக்குவது. ‘சிலப்பதிகாரத்தில் கலைகள்’ என்று வருகிறார்கள். அதற்கு ஒரு ஆயுள் வேண்டும். ‘அரங்கேற்று காதையில் மேடை’ என்றால் ஒரு செமஸ்டரில் முடியும்.

கம்ப்யூட்டரில் தேடினால் ‘இல்லை’ என்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தை அலமாரியில் பார்த்ததாக சீனியர் சொல்கிறார். எது சரி?

சீனியர் சொல்வதுதான் சரியாக இருக்கும். குற்றம் பெயரை உள்ளே ஏற்றிய விதத்தில் இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்களின் பெயரைச் சிலர் தமிழில் ஏற்றியிருப்பார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். சிலப்பதிகாரத்துக்கே ‘எஸ்’ஸில் தொடங்கும் பதிவு ஒன்று, ஆங்கில ‘சி’யில் தொடங்கும் பதிவு ஒன்று, ‘சிஎச்’ போட்டு மூன்றாவது ஒன்று என்று ஒரே நூலகத்தில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். ‘ழ’வை ‘இசட்எச்’ என்று அடித்தவரும் உண்டு, வெறும் ‘எல்’ போட்டவரும் உண்டு. உ.வே.சாமிநாதையர் ஒரு பதிவில் ‘உ’விலும் இன்னொரு பதிவில் ‘சா’விலும் இருப்பார், ‘சுவாமிநாத ஐயர்’ என்றும் இருப்பார்.

அதனால் முழுப் பெயரை அடிக்காதீர்கள். பெயரில் யாரும் பிழை செய்ய முடியாத ஒரு துண்டை மட்டும் அடியுங்கள். பதிப்பகத்தின் பெயரால் தேடிப் பாருங்கள். உரையாசிரியர் பெயரால் தேடுங்கள். எதிலும் சிக்காவிட்டால் கவுண்டருக்கு வந்து அக்செஷன் ரெஜிஸ்டரைக் கேளுங்கள். வாங்கிய வரிசைப்படி ஒவ்வொரு புத்தகமும் கையால் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பெரிய நோட்டில், கம்ப்யூட்டருக்குள் இன்னும் ஏறாத பழைய புத்தகங்களும் இருக்கும். மரத்தாலான கார்டு கேட்லாக் பெட்டியை எடைக்குப் போடாத கல்லூரி என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

புத்தக முதுகில் இருக்கும் எண்ணைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

எங்களைக் கேட்காமலே பாதி வேலையை முடிப்பீர்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் ட்யூவி முறையில் தமிழ் இலக்கியம் 894.811. அதற்குப் பின்னால் 1 வந்தால் கவிதை, 2 வந்தால் நாடகம், 3 வந்தால் கதை, நாவல். ஆங்கில இலக்கியம் 820களில். கலைகள் எல்லாம் 700களில்: சிற்பம் 730, ஓவியம் 750, இசை 780, சினிமா 791.43, மேடை நாடகம் 792, நடனம் 793.3.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, கவனியுங்கள். நாடகப் பிரதி இலக்கிய வரிசையில் நிற்கும். அதே நாடகத்தை மேடையேற்றியதைப் பற்றிய புத்தகம் இன்னொரு அறையில் இருக்கும். நம் ஊர் விஷயங்களோ இலக்கியம், இசை, கூத்து என்று பிரிந்து வளர்ந்தவை இல்லை. முத்தமிழ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அலமாரியில் மூன்று திசைக்கு அனுப்பிவிட்டோம்.

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறை என்று வேறொன்றைக் கொண்டுவந்தார். உங்கள் கல்லூரியில் எண்ணுக்குப் பதிலாக ‘ஓ’, ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது அவருடையது. ‘ஓ’ இலக்கியம், ‘என்’ நுண்கலை.

ஒரு தலைப்பை எடுத்து, நூலகத்துக்குள் எப்படி நடந்துபோவது என்று காட்ட முடியுமா?

சரி, அந்த மேடையையே எடுத்துக்கொள்வோம். அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு வருகிறது: “எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து.” கோல் என்றால் எவ்வளவு? அதற்கும் சில வரிகள் முன்னாலேயே பதில் இருக்கிறது. மலையில் வளர்ந்த, கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி உள்ள மூங்கிலில் இருபத்து நான்கு விரல் அளவுக்கு வெட்டியது ஒரு கோல். அப்படியானால் மேடை 168 விரல் அகலம், 192 விரல் நீளம், 24 விரல் உயரம். யாருடைய விரல்? இங்கே மூலம் கையை விரித்துவிடுகிறது. உரைக்குப் போகவேண்டும்.

சிலப்பதிகாரத்தின் பழைய உரைகளான அரும்பதவுரை, அடியார்க்கு நல்லார் உரை இரண்டும் சேர்ந்த உ.வே.சா. பதிப்பை எடுங்கள். முதலில் வந்தது 1892இல். பிறகு வந்த பதிப்பு எது கிடைத்தாலும் போதும். அடியார்க்கு நல்லாருக்கு இசையும் கூத்தும் தெரியும். பஞ்சமரபு, பரதசேனாபதீயம், இந்திரகாளியம், இசைநுணுக்கம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்று தாம் துணையாகக் கொண்ட நூல்களின் பெயரையும் சொல்லிவிடுகிறார். இவற்றில் பஞ்சமரபு 1970களில் அச்சில் வந்தது. உங்கள் நூலகத்தில் அது இசைப் பிரிவில் ஒளிந்திருக்கலாம். ஆக, இலக்கிய அலமாரியில் தொடங்கிய ஆள் இப்போது 780க்கு வந்தாயிற்று.

அடுத்து, ஆடியவர்கள் யார்? இங்கேதான் தமிழ்த் துறை மாணவர்கள் காலடி வைக்காத வரலாற்று அலமாரிக்குப் போகச் சொல்வேன். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருடைய பெயர், வந்த ஊர், தெரு, வீடு எல்லாம் வரிசையாக அதில் உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு; அதற்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். சிலம்பின் மாதவிக்கும் இவர்களுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது, இரண்டையும் ஒட்டுப்போடக் கூடாது. ஆனால் ஒப்பிடலாம்.

அங்கிருந்து 730. அதே கோயிலின் மேல்தளச் சுற்றில் நடன நிலைகளான 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27க்கு வெறும் கல் காத்திருக்கிறது. கோயில் சிற்பம் பற்றிய படப் புத்தகங்கள் தனியாக வாங்க முடியாத விலை. நூலகத்தில்தான் பார்க்க முடியும்.

ஒரே தலைப்பு, நாலு அலமாரி. கூகுளில் ‘மாதவி அரங்கேற்றம்’ என்று அடித்த மாணவிக்குக் கிடைத்தது பள்ளி ஆண்டுவிழா வீடியோக்கள்.

எந்தப் பதிப்பை எடுத்தாலும் ஒன்றுதானே?

இல்லை. இலக்கிய ஆய்வில் இதில் சறுக்கினால் மேலே கட்டியது எல்லாம் சரியும். மலிவுப் பதிப்புகளில் சந்தியைப் பிரித்துச் சொல் சொல்லாகப் போட்டிருப்பார்கள்; பிரித்தவர் பொருளையும் சேர்த்து முடிவு செய்துவிட்டார் என்பது நமக்குத் தெரியாது. சுவடிக்குச் சுவடி மாறும் பாடபேதம் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். பழந்தமிழ் நூல் என்றால் முன்னுரையில் எந்தெந்தச் சுவடிகளைப் பார்த்தோம் என்று சொல்லும் பதிப்பை எடுங்கள். அந்த முன்னுரையையும் படியுங்கள். உ.வே.சா.வின் முகவுரைகளைப் படிக்காமல் மூலத்துக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நவீன இலக்கியத்துக்கும் இதே கதைதான். புதுமைப்பித்தன் கதைகள் எத்தனையோ பதிப்பில் கிடைக்கின்றன. ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வந்த முழுத் தொகுப்பில் கதைகள் முதலில் எந்த இதழில் எப்போது வந்தன, பாடம் எங்கே மாறியது என்ற விவரங்கள் இருக்கின்றன. ஆய்வுக்கு அதை எடுங்கள். பஸ்ஸில் படிக்க எதை வேண்டுமானாலும் எடுங்கள்.

பழைய அச்சு படிக்கவே வரவில்லையே. வருடமும் ஏதோ ‘சர்வஜித்து’ என்று போட்டிருக்கிறது.

1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முந்திய அச்சில் ‘லை’, ‘னை’ எல்லாம் துதிக்கை வைத்திருக்கும். ‘றா’, ‘னா’, ‘ணா’ மூன்றிலும் துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடே வளைந்து சேர்ந்திருக்கும். இரண்டு நாள் பழகினால் வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

வருடத்துக்கு ஒரு பிடி சொல்கிறேன். தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தொடங்கியது 1876இல். அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது பத்தாவது. அடுத்த தாது 1936, அதற்கடுத்தது 1996. சர்வஜித்து இருபத்தொன்றாவது, அதாவது தாதுவுக்குப் பதினோரு வருடம் கழித்து: 1887 அல்லது 1947. இரண்டில் எது என்பதைத் தாளும் அச்சகமும் காட்டிக்கொடுக்கும். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனியில் அச்சானது என்றால் ஆங்கில வருடத்தில் ஒன்று கூடும்.

பழைய பத்திரிகைகளால் என்ன பயன்?

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் பெரும்பகுதி முதலில் வந்தது பத்திரிகையில்தான். 1933இல் தொடங்கிய மணிக்கொடி, 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய எழுத்து போன்ற சிற்றிதழ்கள் ஒரு பக்கம். கலைமகள், ஆனந்த விகடன், கல்கி இன்னொரு பக்கம். ஒரு கதை அச்சான இதழை அப்படியே கையில் எடுத்தால், பக்கத்துப் பக்கத்தில் என்ன விளம்பரம் வந்தது, ஆசிரியர் கடிதத்தில் யார் திட்டினார், ஓவியர் என்ன வரைந்தார் எல்லாம் தெரியும். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரிலிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது மணியம் வரைந்தார். இன்று படமே இல்லாமல் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. மணியத்தின் கோட்டோவியங்களைப் பற்றி ஆய்வு செய்ய இதழைத்தான் திறக்கவேண்டும்.

பல கல்லூரிகளில் இவை பைண்டு செய்யப்பட்டு ஸ்டாக் ரூமில் கிடக்கும், கேட்லாகில் இருக்காது. “பழைய பைண்டு வால்யூம் இருக்கிறதா சார்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு முறை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து நன்கொடையாக இரண்டு மூட்டை வந்தது. உள்ளே, வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டித் தைத்த புத்தகங்கள். முகப்பில் கையெழுத்தில் தலைப்பு. பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு: ‘எதிர்வீட்டில் வாங்கி எழுதவும்.’ வாசகர்கள் எப்படிப் படித்தார்கள் என்ற ஆய்வுக்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

இசை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னை மியூசிக் அகாடமி 1930லிருந்து வெளியிட்டுவரும் ஆய்விதழில் ராக லட்சண விவாதங்கள் கிடைக்கும். புத்தகமாக வராத எவ்வளவோ அதில் இருக்கிறது.

என்-லிஸ்ட் பாஸ்வேர்ட் வாங்கினேன். தமிழுக்கு அதில் ஒன்றும் இல்லையே?

தமிழில் குறைவுதான். ஆனால் தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது: சங்கக் கவிதை, சதிராட்டத்திலிருந்து பரதம் வந்த வரலாறு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஓவியங்கள், தமிழ் சினிமா. மத்திய அரசு அமைப்பான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட், ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் இணையத்தில் கல்லூரிகளுக்குத் தருவது. பெயரைப் பதிவு செய்ய நூலகத்தில் கேட்டால் போதும், வீட்டிலிருந்தும் படிக்கலாம். அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தையும் கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆய்விதழ்கள் அதில் வருகின்றன.

தேடும்போது முன்பு சொன்ன எழுத்துக் குழப்பம் இங்கேயும் உண்டு. நாலு விதமாக அடித்துப் பாருங்கள்.

முன்னால் யாராவது இதே தலைப்பில் ஆய்வு செய்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இயல் இயலாகக் கிடைக்கும். தமிழ் ஆய்வேடாக இருந்தாலும் தலைப்பை ஆங்கிலத்தில் ஏற்றியிருக்கலாம், இரண்டு மொழியிலும் தேடுங்கள். கிடைத்ததும் முதல் இயலைத் திறக்காதீர்கள். கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலைத் திறந்து, நம் நூலகத்தில் எது எது இருக்கிறது என்று டிக் அடித்துக்கொண்டு வாருங்கள். அதோடு நிறுத்துங்கள். பத்தியோடு எடுத்து ஒட்டுகிற வேலை வேண்டாம். அந்த ஆய்வேடே வேறெங்கோ இருந்து ஒட்டியதாக இருந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எங்கள் கல்லூரியில் இல்லாத புத்தகத்துக்கு?

கல்லூரி டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினர் என்றால் வேறு நூலகத்திலிருந்து இரவலாக வரவழைக்கலாம். நேரம் பிடிக்கும், முன்னதாகவே சொல்லுங்கள்.

இணையத்தில் என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் ஸ்கேன் கிடைக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எழுத்து வடிவம் கிடைக்கும். சொல் தேட அருமையானது, ஆனால் பக்க எண் காட்ட உதவாது. ஈழத்து இலக்கியம் என்றால் நூலகம் திட்டம். மல்லிகை போன்ற இதழ்களை வேறெங்கே தேடுவீர்கள்?

நேரில் போவதென்றால் சென்னையில் மூன்று இடம். எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூலின் பிரதி போய்ச் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதர் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்களிலிருந்து 1994இல் உருவானது. சினிமா, நாடகம் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் கட்டாயம் போகவேண்டும். தெற்கே இருப்பவர்களுக்கு 2023 முதல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சுவடிக்கும் பழைய கலை நூல்களுக்கும் தஞ்சை சரசுவதி மகால்.

போகும் முன் துறைத்தலைவரிடமோ முதல்வரிடமோ ஒரு கடிதம் வாங்குங்கள். அடையாள அட்டை, பென்சில், வேண்டிய நூல்களின் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். “தெருக்கூத்து பற்றி ஏதாவது இருக்கா?” என்று கையை வீசிக்கொண்டு போனால் அங்கே இருப்பவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

ஏஐயிடம் கேட்டால் புத்தகப் பட்டியலே கொடுத்துவிடுகிறதே?

கொடுக்கிறது. போன மாதம் ஒரு மாணவர் ஆறு தலைப்புகளோடு வந்தார். இரண்டு இருந்தன. மூன்றாவதில் ஆசிரியர் உண்மை, புத்தகம் இல்லை. மீதி மூன்றும் எந்த நூலகக் கேட்லாகிலும் அகப்படவில்லை. தலைப்புகள் மட்டும் என்னவோ நன்றாகத்தான் இருந்தன, யாராவது எழுதலாம். கையில் எடுத்துப் பார்க்காத நூலைத் துணைநூற்பட்டியலில் போடாதீர்கள். வைவாவில் அதைத்தான் கேட்பார்கள்.

ரெஃபரன்ஸ் புத்தகத்தை ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

முடியாது.

ஜெராக்ஸ் எடுக்கலாமா?

சொந்த ஆய்வுக்கு அளவோடு எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கடந்தால் பதிப்புரிமையே முடிந்துவிடும். எங்கள் கவலை தாளைப் பற்றியது. பழுத்த தாளை மெஷினில் கவிழ்த்து அழுத்தினால் நடுமுதுகு உடையும். போனில் படம் எடுங்கள், தலைப்புப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து. ஆண்டு தெரியாமல் பிப்ரவரியில் திரும்பி ஓடிவரும் மாணவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது உண்டு.

முடித்த ப்ராஜெக்டின் பிரதியை நூலகத்துக்குத் தரவேண்டுமா?

தாருங்கள். அதோடு, ஆய்வேட்டில் சேர்க்காமல் விட்ட குறிப்புகள், அந்தக் கூத்துக் கலைஞரிடம் எடுத்த பேட்டியின் ஒலிப்பதிவு, கோயிலில் எடுத்த படங்கள் இருந்தால் ஒரு பென்டிரைவில் போட்டு, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாணவி தன் பாட்டி பாடிய ஒப்பாரிகளைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். இந்த வருடம் நாட்டார் வழக்காற்றியல் தலைப்பு எடுத்த இரண்டு பேர் அதைத்தான் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஜன்னலோரக் கடைசி மேசையில்.